செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குப் பத்து பவுண்டு

ஆங்கிலக் கால்பந்து லீக்கின் நிர்வாகக் குழுவினருக்கும், அதில் ஓட்டுப் போடும் 72 கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

இந்த மடலை முதலில் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் என் கை தானாகவே 'தயவுகூர்ந்து பரிசீலிக்கவும்' என்று பவ்யத்துக்குப் போய்விடுகிறது. கோபப்பட எனக்குத் தமிழ்தான் சௌகரியம். பிறகு யாராவது மொழிபெயர்த்து உங்கள் மேசைக்கு அனுப்பட்டும். அதுவரை, வாரம் தவறாமல் பிரீமியர் லீக் பார்க்கிற நம் ஆட்கள் அதற்குக் கீழே உங்கள் லீக் நடத்தும் மூன்று படிகளில் (இரண்டாம் படி சாம்பியன்ஷிப், மூன்றாவது லீக் ஒன்று, நான்காவது லீக் டூ) என்ன நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும்.

என் கிளப் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும் ஜாதி. பெயர் வேண்டாம். சொன்னாலும் "அது எங்கே இருக்கிறது?" என்றுதான் அடுத்த கேள்வி வரும். பதினாறு வருடமாக சீசன் டிக்கெட் வைத்திருக்கிறேன். அதில் எத்தனை வருடம் சந்தோஷமாக இருந்தேன் என்று கேட்காதீர்கள்.

2023 மே மாதம் நீங்கள் அறிவித்த ஒளிபரப்பு ஒப்பந்தத்தை முழுசாகத் திட்ட நான் வரவில்லை. சந்தா கட்டிப் பார்க்கும் டிவியான ஸ்கை ஸ்போர்ட்ஸுடன் ஐந்து வருடம், 2024-25 சீசனிலிருந்து 2029 வரை, 93.5 கோடி பவுண்டு. அதில் 89.5 கோடி உறுதியான பணம், மிச்சம் 4 கோடி விளம்பர வகையில். அதற்கு முந்தைய ஐந்து வருடத்துக்குக் கிடைத்தது 59.5 கோடிதான். சீசனுக்கு 1,059 ஆட்டங்கள் நேரலையில் வருகின்றன. ஏற்கெனவே வீட்டில் சந்தா கட்டுகிறவருக்கு இது திருவிழா. கிளப் கணக்கரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன். நம் லீக்குக்கு ஒரே ஒரு படி மேலே இருக்கும் பிரீமியர் லீக்காரர்கள் நான்கு வருடத்துக்கு 670 கோடி வாங்கும்போது, வந்ததை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் யாரும் இல்லை.

ஆனால் அந்த 1,059-ஐ விற்கும்போது கூடவே ஒரு சின்னப் பொருளையும் கொடுத்துவிட்டீர்கள். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

வாரநாள் ராத்திரி ஆட்டங்களுக்கு முன்பெல்லாம் கிளப் இணையதளத்தில் ஒரு ஸ்ட்ரீமிங் பாஸ் கிடைக்கும். பத்து பவுண்டு. ஒரு ஆட்டம், ஒரு ராத்திரி, அவ்வளவுதான். மாதச் சந்தா கிடையாது, பெட்டி கிடையாது, கூடவே கோல்ஃபும் கார் பந்தயமும் தலையில் கட்டப்படாது. கொரோனா காலத்தில் மைதானம் பூட்டிக் கிடந்தபோது எங்களையும் கிளப்பையும் பிணைத்து வைத்த கயிறு அதுதான். படம் சுமார்தான். கேமரா சில சமயம் பந்தை விட்டுவிட்டுக் கோல் கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அரை நிமிடம் பின்னால் ஓடும் என்பதால், ஸ்டாண்டில் இருக்கும் நண்பன் "கோல்!" என்று அனுப்பிய செய்தி முதலில் வரும், கோல் பிறகு வரும். அதனால் ஆட்டம் முடியும்வரை போனைக் கவிழ்த்து வைத்திருப்பது எங்கள் வீட்டுச் சட்டம். ஆனாலும் அந்தப் பத்து பவுண்டில் ஒரு பங்கு எங்கள் கிளப்புக்குப் போகிறது என்று தெரியும். மோசமான ஆட்டத்தைப் பார்த்த ராத்திரியிலும் அது ஓர் ஆறுதல்.

2024-25 தொடங்கியதும் உள்நாட்டு ரசிகருக்கு அந்தப் பாஸ் போனது. வாரநாள் ஆட்டங்கள் எல்லாம் ஸ்கைக்கு உரியவை ஆகிவிட்டதால் கிளப் தனியாக விற்க முடியாது. வேண்டுமானால் குரல் வர்ணனை கேட்டுக்கொள்ளலாம்.

எனக்குப் பக்கத்து இருக்கைக்காரருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இடுப்பு எலும்பு அறுவைக்குப் பிறகு ராத்திரி ஆட்டங்களுக்கு வருவதில்லை. படியில் பனி உறைந்திருந்தால் அவருக்குப் பயம். பேத்தி லேப்டாப்பில் போட்டுக் கொடுக்கும் பாஸில்தான் செவ்வாய்க்கிழமை ஆட்டம் பார்ப்பார். மறுநாள் எனக்கு போன் வரும்: "அந்த லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கினானே, நீ பார்த்தாயா?" மைதானத்தில் இருந்த எனக்கு அது சரியாகத் தெரிந்திருக்காது. வீட்டில் இருந்த அவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது ரேடியோ கேட்கிறார். போன் வருவது நிற்கவில்லை, கேள்விதான் மாறிவிட்டது. "கொடியைத் தூக்கியது சரிதானா?" என்று என்னிடம் கேட்கிறார்.

"மாதச் சந்தா கட்டினால் அவருக்கு இன்னும் எத்தனையோ ஆட்டங்கள் கிடைக்குமே" என்பீர்கள். கிடைக்கும். அவருக்கு வேண்டியது எத்தனையோ ஆட்டங்கள் இல்லையே! லீக் டூ ரசிகனை உங்கள் ஒப்பந்தம் கால்பந்து பார்வையாளன் என்று நினைக்கிறது. அங்கேதான் கணக்கு இடிக்கிறது. எங்களில் பாதிப் பேர் பொதுவாகக் கால்பந்து பார்ப்பதே இல்லை. எங்கள் கிளப்பைப் பார்க்கிறோம், அது கால்பந்து ஆடுகிறது.

இன்னொரு வேடிக்கை. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை இந்த நாட்டில் எந்தக் கால்பந்தும் டிவியில் நேரலையாக வரக்கூடாது. 1960-களில் பர்ன்லி கிளப் தலைவர் பாப் லார்ட் தொடங்கிவைத்த வாதம் அது: பெரிய ஆட்டம் டிவியில் வந்தால் சின்ன கிளப்பின் வாசலுக்கு யார் வருவார்? லார்ட் தொழிலால் இறைச்சிக்கடைக்காரர். டிவி கேமராவையே தன் மைதானத்துக்குள் விடமாட்டேன் என்று சில வருடம் அடம்பிடித்தவர். பின்னாளில் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் சட்டத்திலும் 48-ஆம் பிரிவில் இந்தப் பாதுகாப்புக்கு இடம் கிடைத்தது. அதை நான் எதிர்க்கவில்லை, இன்றைக்கும் எங்களைப் போன்ற கிளப்புகளுக்கு அது ஒரு கூரை என்றே நினைக்கிறேன். (என் மைத்துனன் ஒத்துக்கொள்ள மாட்டான். வெளிநாட்டில் இருக்கும் அவன் என் கிளப்பின் சனிக்கிழமை மூன்று மணி ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறான். மைதானத்திலிருந்து இரண்டு மைல் தூரத்தில் படுத்திருக்கும் எங்கள் பெரியவர் பார்க்க முடியாது. இதை அவருக்கு விளக்க முயன்றேன். பாதியில் விட்டுவிட்டேன்.)

ஆனால் மூன்று மணியைப் பூட்டிவிட்டு ஆயிரம் ஆட்டங்களை விற்றால், விற்ற ஆட்டங்கள் எங்கே போகும்? ஓரத்துக்கு. சனிக்கிழமை 12.30, ஞாயிற்றுக்கிழமை நண்பகல், வெள்ளி ராத்திரி. மைதானத்துக்கு வருகிறவனைக் காப்பாற்றப் போட்ட பூட்டே, வெளியூர் ஆட்டத்துக்குப் போகிறவனை விடியலுக்கு முன் எழுப்பிவிடுகிறது.

அந்த விடியலை ஒரு தடவை வந்து பாருங்கள். காலை ஐந்து மணி, கிளப் கார் நிறுத்துமிடம், நவம்பர் இருட்டு. ரசிகர் பேருந்து எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறது. டிரைவர் கையில் பெயர்ப் பட்டியல்; இரண்டு பேர் வரவில்லை, பத்து நிமிடம் பார்க்கலாம் என்கிறார். முன் இருக்கையில் ஒரு தம்பதி, மடியில் பிளாஸ்க், பேச்சே இல்லை. பின்னால் ஒரு பையன், ஏழு வயது இருக்கலாம், கிளப் துண்டைத் தலையணையாக மடித்துத் தூங்குகிறான். அவன் அப்பா என்னிடம் ரகசியம் போலச் சொன்னார்: "மூன்று மணி ஆட்டமாக இருந்தால் என் அம்மாவையும் கூட்டி வந்திருப்பேன்." 12.30-க்கு ஆட்டம் தொடங்கி, 12.41-க்கு நாங்கள் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். பையன் அப்போதுதான் முழுசாகக் கண் விழித்தான்.

இதைவிட நீளமான கொடுமையும் இருந்தது. 2023 முதல் 2025 வரை பிளிமத்தும் சண்டர்லாண்டும் ஒரே பிரிவில் ஆடின. இரண்டுக்கும் நடுவே சாலை வழியாகச் சுமார் 400 மைல். இப்படிப்பட்ட ஆட்டத்தை எந்த நாள், எந்த மணியில் வைக்கிறோம் என்று தீர்மானிக்கும் மேசையில் ரயில் கால அட்டவணை இருக்கிறதா என்பதுதான் என் சந்தேகம். மலிவான முன்பதிவு ரயில் டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. ஆட்டத்தை நகர்த்துகிறவருக்கு அது ஒரு மின்னஞ்சல், எங்களுக்கு மாத பட்ஜெட்டில் ஓட்டை. தேதிகளை முன்னைவிடச் சீக்கிரம் அறிவிக்கிறீர்கள், அதை மறுக்கவில்லை. சீக்கிரம் தெரிந்தாலும் ஐந்து மணி ஐந்து மணிதான்.

இதற்கு எங்களுக்குக் கிடைக்கும் பங்கு என்ன? உங்கள் சூத்திரம் 80, 12, 8. டிவிப் பணம் நூறு பவுண்டு வந்தால் எண்பது சாம்பியன்ஷிப்புக்கு, பன்னிரண்டு லீக் ஒன்றுக்கு, எட்டு லீக் டூவுக்கு. பிரிவுக்கு 24 கிளப். வகுத்துப் பார்த்தால் சாம்பியன்ஷிப் கிளப்புக்குச் சராசரியாக 3 பவுண்டு 33 பென்ஸ், லீக் டூ கிளப்புக்கு வெறும் 33 பென்ஸ். பத்தில் ஒன்று. பணத்தில் மட்டும்தான் இந்தப் பத்தில் ஒன்று. லீக் டூ பேருந்து விடியலில் பத்தில் ஒரு பங்கு தூரம் போய்த் திரும்பிவிடுவதில்லை.

டிவிப் பணத்தை நம்பி வாழ்வது எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் அலமாரியிலேயே ஒரு கோப்பு இருக்கிறது. ஐடிவி டிஜிட்டல் என்ற டிவிக் கம்பெனி. 2000-இல் மூன்று வருடத்துக்கு 31.5 கோடி பவுண்டு தருவதாக ஒப்பந்தம். கிளப்புகள் அந்தப் பணம் வந்துவிட்டதாகவே நினைத்து வீரர்களுக்குச் சம்பளம் பேசின. 2002 மார்ச்சில் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது, 17.85 கோடி பாக்கி. கார்ல்டன், கிரனாடா என்ற இரண்டு பெரிய தாய்க் கம்பெனிகள் பின்னால் இருந்தனவே என்று லீக் நீதிமன்றம் போனது. அவர்களிடம் எழுத்தில் உத்தரவாதம் வாங்கவில்லை என்று அந்த ஆகஸ்டில் வழக்கு தோற்றது. அடுத்து வந்த ஒப்பந்தம் நான்கு வருடத்துக்கு 9.5 கோடி. பிராட்ஃபர்ட், லெஸ்டர், இப்ஸ்விச் என்று கிளப்புகள் ஒவ்வொன்றாகத் திவால் நிர்வாகத்தில் விழுந்தன. அது ஒன்றே காரணம் இல்லை, ஆனால் அதுவும் காரணம். அந்தக் கம்பெனியில் கௌரவமாகப் பிழைத்தது விளம்பரத்தில் வந்த கம்பளிக் குரங்குப் பொம்மை ஒன்றுதான். சில வருடம் கழித்து அது தேயிலை விளம்பரத்தில் வேலைக்குச் சேர்ந்தது.

அப்போது வாளி ஏந்தி மைதான வாசலில் சில்லறை திரட்டியவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை. 2020-இல் பிரான்சில் கால்பந்து ஒளிபரப்பு உரிமையை வாங்கிய மீடியாப்ரோ கம்பெனி தவணை கட்டாமல் கைவிரித்தபோது முதல் பிரிவோடு இரண்டாம் பிரிவும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. ஒளிபரப்புக்காரன் போவான் வருவான். பேருந்தில் ஏறுகிறவன் மாறமாட்டான். அவனையும் மாற்றிவிடாதீர்கள் என்கிறேன்.

இதையெல்லாம் மாற்ற முடியாது என்றும் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் திங்கட்கிழமை ராத்திரி ஆட்டத்தை டிவிக்காகப் புகுத்தினார்கள். 2018 பிப்ரவரியில் பிராங்க்பர்ட் ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளை மைதானத்தில் வீசினார்கள். டோர்ட்மண்டில் ஆயிரக்கணக்கானோர் வராமல் ஸ்டாண்டைக் காலியாக விட்டார்கள். அடுத்த ஒப்பந்தத்தில், 2021-22 சீசனிலிருந்து, திங்கட்கிழமை போயே போய்விட்டது. ஒளிபரப்பு உரிமையும் விற்றது, ஆட்டமும் நடக்கிறது.

2029-க்கு இன்னும் காலம் இருக்கிறது. பேச்சுவார்த்தை அதற்கு முன்பே தொடங்கிவிடும். நான் கேட்பது பெரிதல்ல. ஸ்கையோ வேறு யாரோ, அவர்களுக்கே எல்லா ஆட்டத்தையும் விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கிளப்பின் ரசிகர் தன் கிளப்பின் வாரநாள் ஆட்டத்தை, அந்தக் கிளப்பிடமே, ஒற்றை ஆட்டமாக வாங்கும் உரிமையை ஒப்பந்தத்தில் தனி வரியாக எழுதுங்கள். விலையில் ஒளிபரப்பாளருக்கும் பங்கு இருக்கட்டும், பத்து பன்னிரண்டு ஆனாலும் பரவாயில்லை. 200 மைலுக்கு மேல் பயணம் இருக்கும் ஆட்டத்தை 12.30-க்கு வைக்காதீர்கள், அந்த நேரத்துக்கு அக்கம்பக்கத்துக் கிளப்புகள் மோதும் ஆட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. அறிவித்த தேதியை அதற்குப் பிறகும் நகர்த்தினால், முன்பதிவு செய்த பயணச் செலவை டிவிப் பணத்திலிருந்து ஈடுகட்டுங்கள். எத்தனை பேர் கேட்டு வருவார்கள் என்று பயப்பட வேண்டாம். எங்கள் பேருந்தில் 49 இருக்கைதான்.

உரிமையாளர்களுக்குத் தனியாக ஒன்று: அடுத்த ஓட்டெடுப்புக்கு முன் உங்கள் கிளப் ரசிகர் சங்கத்தை ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். 2025-இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டம் ரசிகரிடம் கலந்து பேசுவதைக் கிளப்புகளின் கடமையாகவே ஆக்கியிருக்கிறது. சீருடை நிறத்துக்கும் சின்னத்துக்கும் எங்களைக் கேட்பீர்கள் என்றால், எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்பதற்கும் கேட்கலாம்.

இப்படிக்கு,
கிழக்கு ஸ்டாண்ட், பதினொன்றாம் வரிசை, ஓரத்து இருக்கை.

பி.கு.: பதிலை ஆங்கிலத்தில் அனுப்பினாலும் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை ராத்திரி மட்டும் அனுப்ப வேண்டாம், போன் கவிழ்ந்திருக்கும்.