ஜூலியட்டின் அம்மா

அன்புள்ள அம்முவுக்கு,

வெரோனாவிலிருந்து நீ அனுப்பிய படங்கள் வந்தன. அப்பாவிடமும் காட்டினேன். ஜூலியட் வீட்டு மாடத்துக்குக் கீழே நிற்கிற படத்தில் சிரித்த முகமாக இருக்கிறாய், ஆனால் கழுத்தெலும்பு தெரிகிறது. நேரத்துக்குச் சாப்பிடு. படத்தை யார் எடுத்தது என்று அப்பா கேட்டார். கூடப் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருக்கும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை. பரீட்சை நேரம், தெரியும். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், அதனால் மெயிலில் எழுதுகிறேன். பதுவாவிலிருந்து வெரோனா ரயிலில் ஒரு மணி நேரம் போல என்றாய். ரயிலில் தூங்கிவிடாதே, பையை மடியில் வைத்துக்கொள்.

கல்லூரியில் வருஷா வருஷம் ஷேக்ஸ்பியரின் ரோமியோ-ஜூலியட் நாடகத்தைப் பாடமாக நடத்தியவள் நான், அந்த ஊரில் போய் நின்றவள் நீ. பழைய சிநேகிதிகள் எல்லாருக்கும் படத்தை அனுப்பிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உனக்கு ஒன்று தெரியுமா, அந்த மாடம் இருபதாம் நூற்றாண்டில் பொருத்தியது. வீடு மட்டும் பழையது, டால் கப்பெல்லோ என்ற குடும்பத்தாருடையது. பெயர் ஒத்துப்போவதால் இதுதான் ஜூலியட்டின் கபுலெட் குடும்பத்து வீடு என்று ஊரே நம்பிவிட்டது. ரோமியோ, ஜூலியட் என்று இரண்டு பேர் அங்கே வாழ்ந்ததற்கு ஒரு சான்றும் இல்லை.

இரண்டு குடும்பத்துப் பகைக்கு மட்டும் வேர் இருக்கிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பாடலில், இத்தாலியைக் கிழித்துப்போட்ட கட்சிச் சண்டையைப் பற்றி வருகிற இடத்தில் மொண்டெக்கி, கப்பெல்லெட்டி என்ற இரண்டு பெயர்களும் வருகின்றன. மொண்டெக்கி வெரோனாக்காரர்கள், கப்பெல்லெட்டி கிரெமோனா பக்கத்துக் கூட்டம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். போப் பக்கமா, பேரரசர் பக்கமா என்று ஒவ்வொரு ஊரும் இரண்டாகப் பிரிந்து கிடந்த காலம் அது. 1530 வாக்கில் லூயிஜி த போர்த்தோ என்பவர் அந்த இரண்டு பெயரையும் எடுத்து, பர்தோலோமியோ தெல்லா ஸ்காலா வெரோனாவை ஆண்ட 1301-1304 காலத்தில் வைத்துக் கதை எழுதினார். அதை பந்தெல்லோ என்ற இன்னொரு இத்தாலியர் வளர்த்தார், பிரெஞ்சுக்குப் போனது, 1562இல் ஆர்தர் புரூக் ஆங்கிலக் கவிதையாக்கினார். ஷேக்ஸ்பியர் கையில் இருந்தது புரூக்கின் கவிதைதான்.

நாடகத்தில் அந்தப் பகை எதனால் வந்தது என்று ஒரு வரிகூடக் கிடையாது. வேலைக்காரர்கள் கூடத் தெருவில் மோதிக்கொள்கிறார்கள், காரணம் யாருக்கும் தெரியாது. நம் வீட்டில் தாத்தாவும் பெரிய தாத்தாவும் கடைசிவரை பேசாமலே போனார்களே, எதனால் என்று உனக்கோ எனக்கோ தெரியுமா? அப்பாவுக்குக் கூடத் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இன்றைக்கும் நாம் போவதில்லை.

புரூக் தன் முன்னுரையில் பெற்றவர்கள் பேச்சைக் கேட்காத பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று எழுதினார். 1595 வாக்கில் அதே கதையை எடுத்த ஷேக்ஸ்பியர், நாடகம் தொடங்கும்போதே பெற்றவர்களின் சண்டையைத்தான் சொல்கிறார். புரூக் மாதக்கணக்கில் சொன்னதை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கி வியாழன் விடியலில் முடித்துவிடுகிறார். அந்த அவசரத்தில் பாதிக்கு மேல் பெரியவர்களுடையது, அம்மு. இதை நீ கவனிக்கவேண்டும்.

கபுலெட் முதலில் நல்ல அப்பாதான். பாரிஸ் என்ற பிரபு பெண் கேட்டு வரும்போது, இன்னும் இரண்டு கோடை போகட்டும், அவள் சம்மதம்தான் முக்கியம், என் மற்ற பிள்ளைகளையெல்லாம் மண் தின்றுவிட்டது, இவள் ஒருத்திதான் மிச்சம் என்கிறார். உன் அப்பாவும் அப்படித்தான் பேசுவார், உனக்குத் தெரியும். அதே மனிதர் வீட்டில் ஒரு சாவு விழுந்ததும், பாரிஸோ இளவரசனுக்கு உறவு, விட்டால் கிடைக்காது என்று வியாழக்கிழமை கல்யாணம் வைக்கிறார். பெண் மாட்டேன் என்றதும் தெருவில் பிச்சையெடு, பட்டினி கிட, செத்துப்போ என்கிறார். அவள் பணிந்ததுபோல் வந்ததும் கல்யாணத்தைப் புதனுக்கே மாற்றுகிறார். எல்லாம் இரண்டு நாளுக்குள்.

அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் பதின்மூன்றில் கல்யாணம் ஆனது என்று நினைத்துக்கொள்ளாதே. சட்டப்படி பெண்ணுக்குப் பன்னிரண்டு, பையனுக்குப் பதினான்கு போதும். ஆனால் இங்கிலாந்தில் சாதாரணக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணமாகும்போது வயது இருபத்தைந்து, இருபத்தாறு. வேலை செய்து, காசு சேர்த்து, தனிக்குடித்தனம் வைக்க முடிந்த பிறகுதான். சொத்தும் பட்டமும் உள்ள வீடுகளில்தான் சின்ன வயதிலேயே கைமாற்றினார்கள். பந்தெல்லோ கதையில் ஜூலியட்டுக்குப் பதினெட்டு, புரூக்கில் பதினாறு, ஷேக்ஸ்பியர் பதினான்கு முடியாத பெண்ணாக்கினார். லண்டன் கூட்டம் அதிர்ந்திருக்கும். அவருடைய மூத்த மகள் சுசானாவுக்கும் அப்போது ஏறக்குறைய அந்த வயதுதான். அவரே பதினெட்டு வயதில், இருபத்தாறு வயதுப் பெண்ணை, அவள் மாசமாக இருந்தபோது கட்டிக்கொண்டவர்.

ரகசியக் கல்யாணத்தையும் ஷேக்ஸ்பியர் இட்டுக்கட்டவில்லை. இரண்டு பேர் இப்போதே உன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று மாற்றிச் சொல்லிக்கொண்டால் இங்கிலாந்துத் திருச்சபை கோபப்படும், ஆனால் கல்யாணம் செல்லும். 1563இல் திரெந்து சங்கம் என்ற கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய கூட்டம் கத்தோலிக்க நாடுகளில் பங்குக் குருவும் சாட்சிகளும் வேண்டும் என்று கண்டிப்பாக்கியது. பெற்றவர் சம்மதம் இல்லாவிட்டால் செல்லாது என்று மட்டும் அது சொல்லவில்லை. பெற்றவர்களுக்கு அதில்தான் அத்தனை பயம்.

எனக்கு இப்போதெல்லாம் நினைவில் நிற்பது ஜூலியட்டின் அம்மாதான். அப்பா கத்திவிட்டுப் போன பிறகு அந்தப் பெண் அம்மாவைப் பார்த்து, என்னைத் தள்ளிவிடாதே, ஒரு வாரமாவது தள்ளிப்போடு என்று கெஞ்சுகிறாள். அதற்கு அம்மா, என்னிடம் பேசாதே, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், உன் இஷ்டம்போல் செய், உனக்கும் எனக்கும் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். மகளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளக் கேட்கவும் இல்லை. அடுத்து ஜூலியட், பால் கொடுத்து வளர்த்த தாதியிடம் கேட்கிறாள். அவளும் பாரிஸையே கட்டிக்கொள் என்கிறாள். அதோடு வீட்டில் பேச ஆளில்லை. மிச்சம் அந்த ரகசியக் கல்யாணத்தை நடத்திவைத்த துறவியும், செத்தவள்போல் தூங்கவைக்க அவர் தந்த மருந்தும்தான்.

அந்த அம்மா சொன்னதை நான் சொல்லமாட்டேன். நீ எதைச் சொன்னாலும், எந்த நேரத்தில் சொன்னாலும் சொல்லமாட்டேன். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், மற்றதெல்லாம் கூடவே வந்துவிட்டது.

ரோமியோவுக்குத் துறவி அனுப்பிய கடிதம் ஏன் போய்ச் சேரவில்லை என்று நினைவிருக்கிறதா? நீ பதினொன்றாம் வகுப்பில் கேட்டாய். அதைக் கொண்டுபோக இருந்தவர் கொள்ளைநோய் வீட்டுக்குள் இருந்தார் என்ற சந்தேகத்தில் கதவைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். இன்றைக்குப் படிக்கிறவர்களுக்கு அது ஏதோ விதிபோலத் தெரியும். பார்க்க வந்தவர்களுக்கு அது போன வருஷத்துக் கதை. 1593இல் மட்டும் லண்டனில் பத்தாயிரத்துக்கும் மேல் செத்தார்கள், 1592 முதல் 1594 வரை நாடகக் கொட்டகைகள் பெரும்பாலும் மூடியே கிடந்தன. நோய் வந்த வீட்டை ஆறு வாரம் பூட்டிவைக்க 1578இலேயே அரசாணை இருந்தது. எனக்கும் உனக்கும் நடுவில் அப்படி எந்தப் பூட்டும் இல்லை. நீ ஒரு வரி எழுதினால் அடுத்த நிமிஷம் எனக்கு வந்துவிடும். அப்புறம் ஏன் இப்படி மௌனமாக இருக்கிறாய்?

ஊர்ச் செய்தி எழுத நினைத்தேன், கை போகவில்லை. செல்வி அத்தை ஒரு ஜாதகம் கொண்டுவந்தாள். தை பிறக்கட்டும், அம்முவைக் கேட்காமல் யாருக்கும் பதில் சொல்லக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் முகம் சுளித்தார், சரி என்றார். அடுத்த வீட்டு மரியக்கா அந்தோணியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார்களே, ஏற்றினாயா? வீட்டுக்கு ஒரே பிள்ளை, இத்தனை தூரம் போய்த் தனியாகச் சமாளிக்கிறாய் என்று எனக்கு எவ்வளவோ பெருமை. அந்தச் சாமர்த்தியத்தில் கொஞ்சத்தை எங்களுக்குப் போன் பண்ணுவதிலும் காட்டு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு. சாப்பிடு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பா பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்குப் போய்விடுவார், சாயங்காலம்தான் வருவார். அங்கே அப்போது காலை பத்து மணி போல இருக்கும். நான் மட்டும்தான் இருப்பேன், கூப்பிடு.

அன்புடன்,
அம்மா