மைக்குக்கென்று ஓர் ஒத்திகை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இணையத்தில் மட்டுமே கச்சேரி செய்யும் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எத்தனை கேமரா, என்ன விளக்கு என்று விலாவாரியாக இருந்தது. மைக்கைப் பற்றி ஒரே ஒரு வரி! அப்படியொரு சிறிய குழுவில் மூன்று வருடம் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய தந்தி வாத்தியம்) வாசித்தவன் நான். படம் மங்கினால் பார்க்கிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் கரகரத்தால் எழுந்து போய்விடுவார்கள்.

எங்கள் முதல் ஒளிபரப்பு அரங்கில் நன்றாகத்தான் ஒலித்தது. வீட்டுக்கு வந்து ஹெட்போனில் கேட்டால், டிம்பனி என்ற பெரிய முரசு இடி இடிக்கிறது, வயலின்கள் பக்கத்துத் தெருவில் இருக்கின்றன, புல்லாங்குழலைவிட யாரோ தாள் புரட்டுவது துல்லியமாகக் கேட்கிறது. அப்புறம்தான் மைக்குக்கென்றே தனி ஒத்திகை வைத்தோம். தலைக்கு மேலே தொங்கும் மைக்கை ஒரு முழம் நகர்த்துவது, ஒரு சிறு பகுதியை வாசிப்பது, கேட்பது, மறுபடி நகர்த்துவது. ஒரு மாலை முழுக்க இதே வேலை.

இது புதுத் தலைவலியும் அல்ல. 1937இல் புகழ்பெற்ற இசை நடத்துநர் டாஸ்கனினிக்காக அமெரிக்காவின் என்.பி.சி. வானொலி தொடங்கிய ஆர்கெஸ்ட்ரா ஒலிபரப்புக்காகவே பிறந்தது. அது வாசித்த 8ஹெச் ஸ்டுடியோவின் எதிரொலிப்பே இல்லாத வறண்ட ஒலியைப் பழைய பதிவுகளைக் கேட்பவர்கள் இன்றும் குறை சொல்கிறார்கள். அத்தனை பெரிய மேதை நடத்தியும் அந்த அறையை ஒன்றும் செய்ய முடியவில்லை.

அவரவர் வீட்டிலிருந்தே நேரலையில் சேர்ந்து வாசிக்கலாம் என்ற யோசனையும் கட்டுரையில் இருந்தது. ஒரே மேடையில்கூட ஒலி காற்றில் 10 மீட்டர் கடக்கவே சுமார் 30 மில்லிநொடி ஆகிறது. அதனால்தான் பின்வரிசைக்காரர்கள் காதைவிட இசை நடத்துநரின் கையை நம்புகிறார்கள். சாதாரண வீடியோ அழைப்பிலோ தாமதம் இதைப்போலப் பல மடங்கு. தனித்தனியாகப் பதிந்து ஒட்டலாம், சரி. ஆனால் அது நேரலை ஆகாது.

கட்டுரை தொடாத ஒன்று காப்புரிமை. ஒருமுறை மொசார்ட் சிம்பொனியின் இரண்டாம் பகுதியில், நாங்கள் பயன்படுத்திய தளம் ஒளிபரப்பைத் துண்டித்துவிட்டது. யாரோ வெளியிட்ட இசைத்தட்டை நாங்கள் ஓடவிடுவதாக அதன் தானியங்கிச் சோதனை முடிவு கட்டியிருந்தது. 1791இல் இறந்தவரின் இசை யாருக்கும் சொந்தமில்லை, பதிவுக்குத்தான் சொந்தக்காரர் உண்டு என்று எழுதிப் புரியவைக்க நான்கு நாள் ஆனது. ஒளிபரப்பு நின்றுபோனது அன்று வாசிக்கும்போது எங்களுக்குத் தெரியாது. கடைசி வரை வாசித்து, எழுந்து நின்று, கேமராவைப் பார்த்துக் குனிந்து வணக்கமும் சொன்னோம்.

இப்படிக்கு,
ஒரு வயோலாக்காரன்