உன் சோபாவை வெட்டிவிட்டேன்

அன்புள்ள குஞ்சுவுக்கு,

முதலில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். உன் அறையில் கிடந்த நீலச் சோபாவை வெட்டிவிட்டேன். "அவளிட்ட ஒரு வார்த்தை கேட்டிட்டு வெட்டுங்கோ" என்று அம்மா இரண்டு தரம் சொன்னா. நான் கேட்கவில்லை. கேட்டால் நீ வேண்டாம் என்பாய், எனக்கோ அந்த மெத்தை வேண்டும்.

சோபா இப்போது கராஜில் ஒரு பெட்டிக்குள் ஆசனமாக இருக்கிறது. பெட்டி இரண்டு சறுக்கிகளுக்கு மேலே நிற்கிறது. பனியில் ஓடுகிற ஸ்கூட்டருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற வண்டி, உள்ளே சூடு. இரண்டு பெரிய ஆட்களும் ஒரு குழந்தையும் தாராளமாக இருக்கலாம்.

நத்தாருக்கு வந்தபோது நீ சொன்னாயே, எட்டு மாதப் பிள்ளையை அந்தக் காற்றில் மலைக் குடிலுக்குக் கொண்டுபோக மாட்டேன், ஈஸ்டருக்கு எங்களை எதிர்பார்க்காதீர்கள் என்று. நீ சொன்னது சரி. மைனஸ் 15-இல் மணிக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் தோலுக்கு அது மைனஸ் 27. ஆனால் நீ கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. அம்மா கடைசியாக மலைக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. மீன் தொழிற்சாலையின் ஈரத் தரையில் இருபத்தேழு வருடம் நின்ற முழங்கால், இப்போது ஸ்கூட்டரில் கால் அகட்டி ஏற விடுவதில்லை. அதை அவ சொல்லமாட்டா. "எனக்கு அங்க என்ன வேலை, நீங்கள் போட்டு வாங்கோ" என்பா. அதை நானும் மூன்று வருடம் அப்படியே நம்பினேன், அல்லது நம்பியது போல இருந்துவிட்டேன்.

சட்டம் அலுமினியக் குழாய். பெட்டி பைபர் கிளாஸ். காரைநகரில் சீநோர் படகு கட்டும் துறையில் பொடியனாய் இருந்தபோது பிடித்த வேலை, கை மறக்கவில்லை. ஆனால் அங்கே பிசினை ஊற்றித் திரும்பிப் பார்ப்பதற்குள் இறுகிவிடும். இங்கே நோர்வேயின் வடகோடியில், போட்ஸ்ஃபியூரில், பெப்ரவரியில் அது இரண்டு நாளாகியும் பிசுபிசு என்று ஒட்டியது. கராஜை 20 பாகைக்குச் சூடாக்கிய பிறகுதான் வழிக்கு வந்தது. மின்சாரக் கட்டணம் பற்றி அம்மாவிடம் பேச்செடுக்காதே. முன்பக்கத்தை வள்ளத்து அணியம் போல வளைத்தேன். இந்த வடக்கின் பழங்குடிகளான சாமி ஆட்கள் கலைமான் பூட்டி இழுத்த, புல்க் என்கிற பழைய சறுக்கு வண்டிக்கும் அதே வடிவம்தானே. புதுப் பனியைக் குத்தாமல் மேலே ஏறிப் போகிறது. சுவருக்குள் நான்கு சென்ரிமீட்டர் நுரைப் பலகை. சறுக்கிகளுக்கு அடியில் பொலித்தீன் பட்டை, இரும்பில் ஒட்டுவது போல இதில் பனி ஒட்டாது. ஸ்கூட்டரின் சறுக்கிகள் எவ்வளவு அகலமோ அதே அகலம் வைத்ததால் அது அழுத்திவிட்ட தடத்திலேயே பின்னால் வருகிறது.

அம்மா முதன்முதலாக வந்து பார்த்துவிட்டு, "இதென்ன, சவப்பெட்டியோ? கண்ணாடி போடாட்டி நான் ஏறமாட்டன்" என்றா. மூன்று பக்கமும் பொலிகார்பனேற் வைத்தேன். அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

சூடாக்குவது கஷ்டம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது ஒன்றுமேயில்லை. லொறிக்காரர்கள் படுக்கும்போது போடுகிற டீசல் ஹீட்டர், மலிவாகக் கிடைத்தது, 5 கிலோவாட். அவ்வளவு சின்னப் பெட்டிக்கு, வெளியே மைனஸ் 15 என்றாலும், சுவராலும் கண்ணாடியாலும் போகிற சூடு அரைக் கிலோவாட்டுக்குள்தான். அந்த ஹீட்டரோ எவ்வளவு குறைத்தாலும் ஒரு கிலோவாட்டுக்குக் கீழே இறங்காது. அம்மாவை ஏற்றித் துறைமுகம் வரை போய்த் திரும்பினேன். கதவைத் திறந்தால் தொப்பி, சால்வை, மேற்சட்டை எல்லாம் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறா. "அப்பம் சுடுற தாச்சிக்குள்ள இருந்த மாதிரி இருந்தது." குறைத்து வைத்தே ஓட்டியதால் உள்ளே கரி பிடித்து, இரண்டாவது கிழமை பற்றவும் மறுத்துவிட்டது. இப்போது போட்டிருப்பது 2 கிலோவாட்.

ஈரம்தான் உண்மையான எதிரி. ஓர் ஆள் சும்மா இருந்தாலே மணிக்கு 40, 50 கிராம் தண்ணீரை மூச்சாலும் தோலாலும் விடுகிறது. கண்ணாடி முதலில் புகார் பிடித்து, பிறகு உள்பக்கமே உறைபனியாகி, கடைசியில் உருகி என் பிடரியில் சொட்டியது. துடைத்துப் பார்த்தேன், இன்னும் சூட்டைக் கூட்டிப் பார்த்தேன். பிறகுதான் உறைத்தது: ஹீட்டர் பெட்டிக்குள் இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பச் சுழற்றுகிறது. அதற்கு வெளிக்காற்றை எடுக்கக் குழாய் போட்டேன். மைனஸ் 15-இல் ஒரு கன மீற்றர் காற்றில் ஒன்றரைக் கிராம் தண்ணீர்கூட இருக்காது. அதைச் சூடாக்கி உள்ளே விட்டால் வெயிலில் காய்ந்த துணி போல எல்லா ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு பின்துவாரத்தால் போய்விடுகிறது. வீணாகப் போகிறது என்று நான் நினைத்த சூட்டுக்கும் அப்படி ஒரு வேலை கிடைத்தது.

அந்தக் காற்றை எங்கிருந்து எடுப்பது என்பதில் மட்டும் விளையாட்டே கூடாது. முன்னால் ஸ்கூட்டரின் புகை, பின்னால் ஹீட்டரின் புகை. பெட்டியின் தட்டையான பின்பக்கம் ஓடும்போது எல்லாவற்றையும் தன் பக்கம் இழுக்கிறது. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, பிள்ளை. அலாரத்தை உள்ளே வைத்து, ஆள் ஏற்றாமல் அரை மணி நேரம் ஓடி ஓடிப் பார்த்தேன். கூரையில் இப்போது துவாரம் இருக்கிற இடம் நான்காவது இடம். மற்ற மூன்றையும் பைபரால் அடைத்த ஒட்டுகள் தெரியும், சிரிக்காதே. புகைக்குழாயைக் கீழே விட்டதும் பிழைதான். நிறுத்திய இடத்தில் பனி உருகி, சறுக்கியைச் சேர்த்து உறைந்து, வண்டியைக் கடப்பாரையால் பெயர்த்தெடுத்தேன். இப்போது அது பக்கவாட்டில்.

இழுக்கக் கயிறு இல்லை, இரும்புக் கம்பம், நடுவில் சுருள்வில். கயிறென்றால் இறக்கத்தில் நான் பிரேக் பிடிக்க, வண்டி வந்து என் முதுகில் ஏறும். ஆள் இருந்தால் 40-க்கு மேல் போவதில்லை. கதவு இரண்டு, உள்ளேயிருந்து ஒரு தட்டில் திறக்கும். உங்களுக்கு அனுப்ப வாங்கி வைத்திருந்த, குழந்தை அழுவதைக் கேட்கிற கருவியையும் பூட்டிவிட்டேன். மற்றப் பாதி என் மேற்சட்டைப் பையில். அதில் இப்போதைக்கு அம்மா பாடுவதுதான் கேட்கிறது.

பொம்பார்டியே என்ற பெயர் நீ அறிந்திருப்பாய். கனடாவின் கியூபெக்கில் வல்கூர் என்ற ஊர்ப் பொடியன். 1922-இல், பதினைந்து வயதில், சறுக்கு வண்டியில் ஃபோர்ட் எஞ்சினைப் பூட்டிப் பின்னால் விமானம் போல விசிறி வைத்து ஊருக்குள் ஓட்டினான். தகப்பன் உடனே கழற்றச் சொல்லிவிட்டார். 1934 மாரியில் பொம்பார்டியேயின் இரண்டு வயது மகன் வயிற்று அழற்சியில் செத்துப்போனான், பனி மூடிய பாதையில் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை. மூன்று வருடத்தில் ஏழு பேர் ஏறுகிற மூடிய பனி வண்டி அவரிடம் தயார். நான் இதைச் சொன்னபோது அம்மா, முதல் கழற்றச் சொன்ன அந்தத் தகப்பன்தான் புத்திசாலி என்றா.

போன சனிக்கிழமை அவவை மேலே கூட்டிப் போனேன். பதினொரு கிலோமீட்டர். குடிலுக்கு முன்னால் நிறுத்திக் கதவைத் திறந்தால் இறங்கவில்லை. வெயில் நேரே கண்ணாடிக்குள் விழுந்துகொண்டிருந்தது. "கொஞ்சம் இருங்கோ" என்றா. நான் கோப்பி போட உள்ளே போய்விட்டேன். இருபது நிமிடம் இருந்திருப்பா. ஆசனத்தில் விரித்த கலைமான் தோலின் மயிர் சால்வை முழுக்க ஒட்டிவிட்டது என்று பிறகு எனக்குப் பேச்சு.

சரி, விசயத்துக்கு வருகிறேன். காரில் வைக்கிற குழந்தை இருக்கையைக் கொண்டு வா, அதற்கென்றே பட்டி தைத்திருக்கிறேன், ஆனால் அடியின் அகலத்தை முதலே அளந்து அனுப்பு. கிர்க்கெனஸ் வழியாகச் சின்ன விமானத்தில் வாருங்கள். காரென்றால் மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போகக் காத்து நிற்க வேண்டி வரலாம். மருமகனுக்கு வண்டிக்குள் இடமில்லை, என் பின்னால் ஸ்கூட்டரில்தான். தடித்த கையுறை அவரிடம் இருக்கிறதா என்று கேள். ஹீட்டரை நிறுத்தினாலும் விசிறி சில நிமிடம் ஓடும், பழுது என்று நினைத்து அவர் பற்றரி வயரைக் கழற்றிவிடக் கூடாது, அதையும் சொல்லி வை.

சோபாவின் கைப்பிடி இரண்டும் மிச்சம் இருக்கின்றன. எறியவில்லை.

அப்பா