தட்டில் கோளாறில்லை, தாளத்தில்தான் சங்கதி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் இசைப் பக்கத்தில், அமெரிக்க டிரம்பெட் கலைஞர் டான் எல்லிஸ் குழுவின் ‘எலெக்ட்ரிக் பாத்’ இசைத்தட்டின் மறுவெளியீட்டைப் பற்றி வந்த குறிப்பைக் கண்டேன். 1967இல் பதிவான ஒரு சோதனை ஜாஸ் தட்டுக்குத் தமிழ் நாளிதழில் இடம் கிடைத்ததே பெரிது. ஆனாலும் குறிப்பில் இரண்டு இடறல்கள். சித்தார் ஒலிப்பதால் இது இந்தியச் சாயல் கொண்ட தட்டு என்கிறது ஒன்று. முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டில் சுருதி தள்ளாடுகிறது, அச்சுப் பிழையாக இருக்கலாம், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள் என்கிறது மற்றொன்று. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதை நம்பினால் நல்ல தட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவோம்.

சித்தாரை முதலில் முடித்துவிடலாம். ஐந்து பாட்டுகளில் அது முன்னுக்கு வருவது ‘டர்க்கிஷ் பாத்’ ஒன்றில்தான். வாசித்தவர் குழுவின் மூன்று பாஸ் (கீழ்ச்சுருதித் தந்திக்கருவி) கலைஞர்களில் ஒருவரான ரே நியபாலிட்டன். 1967இல் சித்தார் இல்லாத தட்டைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்; அவ்வளவு மோகம். சித்தாரை எடுத்துவிட்டாலும் இந்தத் தட்டின் இந்தியப் பங்கு குறையாது, ஏனென்றால் அது கணக்கில் இருக்கிறது. எல்லிஸ் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் படித்தபோது, ரவி சங்கரின் மாணவரான ஹரிஹர் ராவிடம் தாளம் கற்றார். இருவரும் சேர்ந்து ‘ஹிந்துஸ்தானி ஜாஸ் செக்ஸ்டெட்’ என்று ஒரு குழுவே நடத்தினார்கள். அங்கே ஆறு பேரோடு பழகிய கணக்கை, பிறகு 21 பேரைக் கொண்டு வாசிக்க வைத்ததுதான் இந்தத் தட்டு: டிரம்பெட் 5, டிராம்போன் 3, சாக்சபோன் முதலிய துளைக்கருவிக்காரர்கள் 5, விசைப்பலகை 1, பாஸ் 3, டிரம்ஸ் 1, மற்ற தாளக்காரர்கள் 3. வழக்கமான பிக் பேண்டில் (பெரிய ஜாஸ் குழுவில்) பாஸும் டிரம்ஸும் ஒவ்வொன்றோடு நின்றுவிடும். 1961இல் அல்போன்சோ சொலியானோ தலைமையில் அமைந்த ரேடியோ மலாயா இசைக்குழுவைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களுக்கு அந்த வழக்கமான ஒலி பழகியதுதான். எல்லிஸ் கூட்டியது கீழ்த்தளத்தை. தாளம் சிக்கலாகும்போது அடியில் ஆள்பலம் வேண்டுமல்லவா?

இனி கணக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு எத்தனை எண்ணிக்கை என்பது. ‘இந்தியன் லேடி’யும் ஹாங்க் லெவி எழுதிய ‘அலோன்’ பாட்டும் 5. ரான் மையர்ஸின் ‘டர்க்கிஷ் பாத்’ 7. இரண்டாம் பக்கத்தில் 12 நிமிடங்களுக்கு மேல் ஓடும் ‘நியூ ஹொரைசன்ஸ்’ 17. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் கலைப்பள்ளியில் மிருதங்கமோ தபலாவோ படித்த பிள்ளைக்கு 5ம் 7ம் ஒரு பொருட்டில்லை. 5க்குக் கண்ட சாப்பும் 7க்கு மிஸ்ர சாப்பும் கையில் இருக்கின்றன. எச்சரிக்கை ஒன்று உண்டு: நம் கண்ட சாப்பு ‘தக தகிட’ என்று 2, 3 ஆக நடக்கும். ஸ்விங் நடையில் 5 வரும்போது பெரும்பாலும் ‘தகிட தக’ என்று 3, 2 ஆக விழும். எடுத்த எடுப்பில் கை ஒட்டவில்லை என்றால் பாட்டைக் குறை சொல்லாமல் பிரிவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பாஸ் எங்கே கனத்து இறங்குகிறதோ அங்கே தட்டு. டிரம்பெட்டின் பின்னால் போனால் தொலைந்தோம். அது வேண்டுமென்றே எதிர் எடுப்பில் புகும்.

17தான் ருசியான இடம். எல்லிஸ் அதை 5, 5, 7 என்று பிரிக்கிறார். கர்நாடக இசையின் 35 சூளாதி தாளங்களில் 17 உண்டா என்று பார்த்தால், கண்ட ஜாதி துருவ தாளம் சரியாக அதுவே: லகு (கண்ட ஜாதியில் 5 எண்ணிக்கை), துருதம் (2 எண்ணிக்கை), லகு, லகு, 5 + 2 + 5 + 5. முதல் லகுவோடு துருதத்தைச் சேர்த்தால் 7, 5, 5. அதையே இரண்டாம் லகுவில் எடுத்துச் சுற்றினால் 5, 5, 7. இதை வைத்து எல்லிஸ் கர்நாடக இசையிலிருந்து எடுத்தார் என்று யாரும் பெருமை பேசக் கிளம்ப வேண்டாம். அவர் கற்றது ஹிந்துஸ்தானி மரபில். இரண்டு இடத்திலும் ஒரே கூட்டல் விடை வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் சூளாதி தாளம் போடத் தெரிந்த கைக்கு இந்த 12 நிமிடம் வேறு யாருக்கும் திறக்காத பக்கமாகத் திறக்கும்.

போடும் முறை இது. முழுக் கிரியையோடு (எல்லாக் கைச்சைகையோடும்) ஆரம்பிக்காதீர்கள், வேகம் தாங்காது. மூன்று தட்டு மட்டும்: முதல் 5க்கு ஒன்று, இரண்டாவது 5க்கு ஒன்று, 7க்கு ஒன்று. இரண்டு சம இடைவெளி, மூன்றாவது சற்று நீளம். நாலைந்து ஆவர்த்தம் (முழுத் தாளச் சுற்று) இது நின்ற பிறகு உள்ளே ‘தக தகிட’, ‘தகிட தகதிமி’ என்று சொல்லுங்கள்; ஒட்டாத இடத்தில் மேலே சொன்னபடி பிரிவைத் திருப்புங்கள்.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்றுண்டு. ஆதி தாளத்தில் ஊறிய கால் தன் பாட்டுக்கு நான்கு நான்காகத் தட்டிக்கொண்டிருக்கும். 17 நான்கு முறை வந்தால் 68. அது நான்கால் மீதியின்றி வகுபடும். ஆகவே நான்காவது ஆவர்த்தம் முடிந்து சமம் (அடுத்த சுற்றின் முதல் தட்டு) விழும்போது கால் தட்டும் கூடவே விழுந்து, ஆகா பிடித்துவிட்டோம் என்று ஏமாற்றும். நடுவில் மூன்று சமங்கள் கைதவறிப் போயிருக்கும். 5க்கு இந்த ஏமாற்று 20 எண்ணிக்கையில், 7க்கு 28இல். காலை அடக்கிவிட்டுக் கையை மட்டும் நம்புவது நல்லது.

இன்னும் போதவில்லை என்பவர்களுக்கு, 1966 செப்டம்பரில் மான்டெரி ஜாஸ் விழாவில் இதே தலைவர் நேரடியாகப் பதிவு செய்த தட்டில் ‘33 222 1 222’ என்று ஒன்று இருக்கிறது. தொலைபேசி எண் போலிருக்கும் அந்தத் தலைப்புதான் தாளக் குறிப்பு, கூட்டினால் 19. நம் 35இல் 19 கிடையாது. தேடிப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இனி அந்த ‘அச்சுப் பிழை’. ‘டர்க்கிஷ் பாத்’தில் சாக்சபோன் வரிசை வேண்டுமென்றே சுருதி விலகி வாசிக்கிறது. எல்லிஸ் தாமே வாசித்த டிரம்பெட்டும் சாதாரணமானதல்ல. வழக்கமான டிரம்பெட்டில் மூன்று வால்வுகள்: முதலாவது இரண்டு அரைச்சுரம் இறக்கும், இரண்டாவது ஒன்று, மூன்றாவது மூன்று. ஹோல்டன் நிறுவனம் இவருக்காகச் செய்த கருவியில் நான்காவது வால்வு. அது இறக்குவது கால்சுரம், அரைச்சுரத்தில் பாதி. ஒரு ஸ்தாயியில் 12 நிலை இருந்த இடத்தில் 24. உடனே ‘நம் 22 சுருதி’ என்று எழுதக் கை துறுதுறுக்கும். அதுவும் தவறு. 24ம் சம அளவுப் படிகள், ஒவ்வொன்றும் 50 சென்ட் (ஓர் அரைச்சுரம் 100 சென்ட்). நம் கமகம் படியில் நிற்பதில்லை, வழுக்கிப் போகிறது.

ஆனால் தட்டே கெட்டிருந்தாலும் சுருதி தள்ளாடத்தான் செய்யும். எது கருவி, எது கோளாறு என்று பிரித்தறிய ஒரு கைக்கணக்கு போதும். 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 1.8 வினாடி. நடுத்துளை மையம் விலகியிருந்தால் சுருதி 1.8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும், பாட்டு எதுவானாலும். ஊசிக் கையைப் பக்கவாட்டில் பாருங்கள். சுற்றுக்கொரு தடவை இடமும் வலமும் ஆடினால் துளைதான் குற்றவாளி. துளை 1 மில்லிமீட்டர் விலகினால், ஊசி ஓடும் உட்பக்கப் பள்ளத்தில், மையத்திலிருந்து 60 மில்லிமீட்டர் தூரத்தில், சுருதி மேலும் கீழும் 29 சென்ட் வரை ஆடும். மொத்த ஆட்டம் கால்சுரத்தைத் தாண்டிவிடுகிறது. வேறு எந்தத் தட்டிலும் பொறுத்துக்கொள்ளலாம். கால்சுரத்தையே பாஷையாகக் கொண்ட தட்டில் பொறுக்க முடியாது. அப்படி இருந்தால் தாராளமாக மாற்றுங்கள். ‘டர்க்கிஷ் பாத்’தில் மட்டும், அதுவும் சாக்சபோன்கள் நுழையும்போது மட்டும் சுருதி விலகி, பியானோவும் பாஸும் நிலையாக நின்றால் தட்டு குற்றமற்றது.

அடுத்த சந்தேகம் ‘ஓப்பன் பியூட்டி’யில் வரும். டிரம்பெட் தனியாக நின்று, தன் எதிரொலியோடு தானே பேசும். எக்கோபிளெக்ஸ் என்ற நாடாக் கருவி செய்யும் வேலை அது. ஒலித்த பிறகு திரும்ப வரும். பாட்டு தொடங்குமுன்னே, 1.8 வினாடி முந்தி, மெல்லிய நிழல்போல ஏதாவது கேட்டால் அது வேறு: பக்கத்துப் பள்ளத்தின் பேரொலி இந்தப் பள்ளத்தின் சுவரை நெளித்ததால் வருவது. அச்சு வெட்டும்போதே நேர்வது. அதே அச்சில் வந்த எந்தப் பிரதியை மாற்றி வாங்கினாலும் அது கூடவே வரும்.

‘நியூ ஹொரைசன்ஸ்’ முடிவில் பித்தளைக் கருவிகள் கரகரப்பதாக யாரும் எழுதுமுன் அதையும் சொல்லிவிடுகிறேன். தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் ஊசியின் கீழ் வினாடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்ளே லேபிளை நெருங்கும்போது அது 21 ஆகக் குறைகிறது. அதே ஒலியலையை பாதிக்கும் குறைந்த நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. உருண்டை முனை ஊசி அந்த நெளிவுகளுக்குள் இறங்காது. இந்தப் பாட்டின் உச்சமோ மிகச் சரியாக அங்கே வந்து விழுகிறது. நீள்வட்ட முனை ஊசி, கேட்ரிட்ஜ் (ஊசி பொருந்தும் தலைப்பகுதி) தயாரிப்பாளர் சொன்ன ஊசி எடையின் மேல் எல்லை, அட்டை அளவுகோல் வைத்துச் சரிபார்த்த ஊசிக் கோணம், இந்த மூன்றும் அமைந்தால் கரகரப்பு பெரும்பாலும் போய்விடும். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று சிலர் ஒரு கிராமுக்கு இறக்குகிறார்கள். எடை குறைந்த ஊசி பள்ளத்தில் துள்ளும். துள்ளும் ஊசிதான் சுவரைச் சிதைக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒன்று. பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையில் பழைய ஜப்பானிய பிளேயர்கள் கைமாறுகின்றன. அவை 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்பார்மர் போட்டால் வோல்ட் சரியாகும், அதிர்வெண் சரியாகாது. மேற்கு ஜப்பானில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. மின் அதிர்வெண்ணோடு வேகம் கட்டுண்ட ஏசி சிங்க்ரனஸ் மோட்டாரில் ஓடும் 60 ஹெர்ட்ஸ் பிளேயர் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். பாட்டு மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். மோட்டார் புல்லியை (பட்டை ஓடும் சக்கரத்தை) 50 ஹெர்ட்ஸுக்கு உரியதாக மாற்ற வேண்டும். டிசி மோட்டார் என்றால் இந்தத் தொல்லை இல்லை. வேகத்தைக் கைப்பேசிச் செயலியில் பார்க்கலாம். 180 கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையை 50 ஹெர்ட்ஸ் குண்டு பல்பின் கீழும் பார்க்கலாம்; கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரிந்தால் வேகம் சரி. வேகம் 3 விழுக்காடு பிசகினால் ஏறக்குறைய ஒரு கால்சுரம். தம்பூராவோடு சேர்த்துக் கேட்டு ஸ்வரம் பார்க்க நினைப்பவர்கள் இதைச் சரிசெய்யாமல் உட்கார வேண்டாம்.

ஈரப்பதம் பற்றிச் சுருக்கமாக: காகித உள்ளுறை இங்கே பூஞ்சைக்கு வீடு. பாலித்தீன் பூசிய உறைக்கு மாற்றுங்கள், தட்டை நிமிர்த்தி வையுங்கள், காரில் விட்டுவிட்டு நாசி லெமாக் வாங்கப் போகாதீர்கள். புதுத்தட்டையும் ஒருமுறை கழுவிவிடுங்கள். ஒரு லிட்டர் வடிநீரில் மணமில்லாத பாத்திரச் சோப்பு நான்கைந்து சொட்டு விட்டு, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, வெறும் வடிநீரில் மறுபடி அலசினால் போதும். குழாய் நீர் வேண்டாம். காய்ந்தபின் உப்பு பள்ளத்தில் தங்கிப் படபடக்கும்.

பிளேயர் இல்லாதவர்களுக்கு 1998இல் வந்த குறுந்தட்டு இருக்கிறது. ‘டர்க்கிஷ் பாத்’, ‘இந்தியன் லேடி’ இரண்டின் சிறு வடிவங்களும் அதில் கூடுதலாக உண்டு. தாளம் பழக அந்தச் சிறு வடிவங்களே வசதி.

தாங்கள் திருத்தம் வெளியிடும்போது பாட்டுப் பெயர்களோடு தாள எண்ணிக்கையையும் அச்சிட்டால் உதவியாக இருக்கும். முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு யாராவது ஏற்கெனவே தட்டைத் திருப்பியிருந்தால், கடைக்காரர் அதை மூலையில் ‘பழுது’ என்று எழுதி மலிவாக வைத்திருப்பார். ஊசிக்கை ஆடுகிறதா என்று ஒரு சுற்று பார்த்துவிட்டு, ஆடவில்லை என்றால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்