சின்னவனின் முதல் பல்

பென்னாகரம்,
வைகாசி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நல்லபடியாகக் கோவை போய்ச் சேர்ந்தீர்கள் என்று அறிந்து நிம்மதி அடைந்தோம். நானும் உன் அம்மாவும் நலமாக இருக்கிறோம். பேருந்து ஏறும் முன் என்னைத் தனியே அழைத்து, "தண்ணியப் பத்தி நான் தினமும் போன்ல கேட்டது உங்களுக்கு வருத்தமாப்பா?" என்று கேட்டாய். அதற்குள் நடத்துநர் விசில் ஊதிவிட்டதால் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். சரியான பதில் சொல்லாமல் விட்டது மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. போனில் பேசினால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும் என்பதால் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு நீ பிள்ளைகளை எங்களிடம் விட்டுச் சென்ற மூன்றாம் நாளே சின்னவனுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடத் தொடங்கிவிட்டது. நாள் முழுவதும் அதை நாக்கால் நெம்பிக்கொண்டே இருந்தான். இட்லியைக்கூடக் கடைவாயில் ஒதுக்கித்தான் தின்றான். ஒரு நாள் மதியம் உன் அம்மா ராகிக் களி கிண்டி, சிறு நெல்லிக்காய் அளவுக்குக் கிள்ளிக் கொள்ளுக் குழம்பில் புரட்டி, "மெல்லக் கூடாது கண்ணு, அப்படியே முழுங்கணும்" என்று சொல்லி வாயில் வைத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினான். பல்லுக்கு வேலையே இல்லாத ஒரு சாப்பாடு இருக்கிறது என்பதில் அவனுக்கு அத்தனை ஆனந்தம். அன்று முதல் தினமும் மதியம் களி கேட்டான். பெரியவள் கடைசி வரை களியைத் தொடவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை.

பல் விழுந்தது புளி தட்டிக்கொண்டிருந்தபோது. கொல்லையில் உள்ள இரண்டு மரங்களும் இந்த ஆண்டு நன்றாகக் காய்த்திருந்தன. உன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கல்லின் மேல் வைத்துத் தட்டிக் கொட்டை பிதுக்க, பிள்ளைகள் இருவரும் ஓடு உடைத்து நார் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சின்னவன் ஆயாவுக்குத் தெரியாமல் ஒரு பழத்தை வாயில் போட்டுச் சப்பியிருக்கிறான். கொட்டைகளை உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், பழுப்பும் கறுப்புமாகப் பளபளத்த கொட்டைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒன்று, அரிசி மணியைவிடச் சற்றே பெரியதாகக் கிடந்தது. அழப்போகிறான் என்றுதான் நினைத்தேன். அவனோ அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நான்கு வீட்டுக்குக் காட்டிவிட்டுத்தான் திரும்பினான்.

சாணத்தில் பொதிந்து கூரை மேல் எறிய வேண்டும் என்றேன். நம் வீடு இப்போது மொட்டை மாடியாகிவிட்டதால் மாட்டுக் கொட்டகையின் ஓட்டுக்கூரையைத்தான் காட்டினேன். முதல் முறை எறிந்தபோது சாண உருண்டை சரிவில் உருண்டு அவன் காலடியிலேயே விழுந்தது. இரண்டாம் முறை ஓடுகளின் இடுக்கில் ஒட்டிக்கொண்டது. இன்று காலையும் பார்த்தேன். காய்ந்து அங்கேயேதான் இருக்கிறது.

அன்று மாலை கை கால் கழுவும்போது, ஓட்டைப் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவன் என் வாயையும் உற்றுப் பார்த்து, "தாத்தா, உங்க பல்லு ஏன் செம்மண்ணு மாதிரி இருக்கு? நீங்க தேய்க்கவே மாட்டீங்களா?" என்று கேட்டான். அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. நானும் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, தேய்த்தாலும் போகாது, இது நான் உன் வயதில் குடித்த தண்ணீர் செய்த வேலை என்று விளக்கிச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே உன் நினைவு வந்துவிட்டது.

எங்கள் காலத்தில் இதைக் காவிப்பல் என்பதோடு சரி. ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெளியூரில் பெண் பார்க்கப் போனபோதுதான் எனக்கே கூச்சம் வந்தது. கல்யாணப் போட்டோவில் நான் உதட்டைத் திறக்காமல் நிற்பதற்குக் காரணம் அதுதான். கிணறுகள் வற்றி ஆழமாகப் போர் போடப் போட, பாறையிலிருக்கும் ஃபுளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது என்பதும், லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருக்கக் கூடாது என்பதும், ஈறுக்குள் பல் உருவாகும் வயதில்தான் அது பல்லைக் கெடுக்கிறது என்பதும் வெகு காலம் கழித்தே எனக்குத் தெரிந்தன. நீ பிறந்தபோது தெருமுனை அடிபம்புத் தண்ணீரை உன் அம்மா தினமும் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து உனக்குக் கொடுத்தாள். ஊரிலேயே நம் வீட்டுப் பிள்ளைக்குத்தான் சுத்தமான தண்ணீர் என்று நான் பெருமைப்பட்டதும் உண்டு. காய்ச்சினால் கிருமிதான் சாகும். ஃபுளோரைடு போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். அது தெரிந்த அன்று இரவு நாங்கள் இருவரும் தூங்கவில்லை. 2013-இல் காவிரி ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தபோது ஊரே கொண்டாடியது. அப்போது நீ வளர்ந்து பெரியவளாகியிருந்தாய். கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டே நீ சிரித்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்திருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான் என்றாலும், அதற்காக நான் உன்னிடம் ஒரு நாளும் வருத்தம் தெரிவித்ததில்லை. இப்போது தெரிவிக்கிறேன், கண்ணு.

ஆகையால் நீ தினமும் கேட்டதில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. எந்தத் தாயும் கேட்க வேண்டிய கேள்விதான் அது. குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தவிர வேறு எதையும் பிள்ளைகளுக்குப் பயன்படுத்தவில்லை. அது வராத நாட்களில் கேன் தண்ணீர் வாங்கினேன். விளையாடிய வேகத்தில் சின்னவன் இரண்டு முறை போர்க் குழாயில் வாயை வைத்துவிட்டான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பயப்படாதே. இப்போது முளைக்கப்போகும் முன்பல் அங்கே சிறுவாணித் தண்ணீர் குடித்த நாட்களிலேயே ஈறுக்குள் உருவாகி முடிந்திருக்கும். கடைவாய்ப் பற்கள் இன்னும் உருவாகிக்கொண்டிருப்பதால் எட்டு வயது வரை கவனமாக இருப்பது நல்லது. இன்னொன்று: இனிப்பாக இருக்கிறது என்று பற்பசையை விழுங்கிவிடுகிறான். பட்டாணி அளவுக்கு மட்டும் பிரஷில் வைத்துக் கொடு. துப்பும் வரை பக்கத்திலேயே நில்.

கொட்டை எடுத்த புளி ஐந்து கிலோவை உப்புத் தூவிப் பானையில் அடைத்து வைத்திருக்கிறோம்; ஊருக்கு வருகிறவர் யாராவது இருந்தால் கொடுத்தனுப்புகிறேன். பெரியவள் பல்லாங்குழிக்கென்று பொறுக்கிக் கழுவி வைத்த புளியங்கொட்டைகளை மறந்துவிட்டுப் போயிருக்கிறாள். அவையும் அந்தப் பையிலேயே வரும். சின்னவனுக்குப் புதுப்பல்லின் முனை ஈறில் வெள்ளையாகத் தெரிந்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதில் நீயும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எடுத்துவிட்டுச் சிரித்தபடி இருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அப்பா.