சைனாலேர்ந்து வர்ற கார்பன் வீல் எல்லாமே போலி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நம்ம சிங்கப்பூர்ல ரோடு சைக்கிள் ஓட்டுற தமிழ்ப் பிள்ளைங்க இப்ப நிறைய ஆயிட்டாங்க, சனி ஞாயிறு விடியக்காலைல சாங்கி கோஸ்ட் ரோடு பக்கமோ மண்டாய் பக்கமோ போனா தெரியும். அவங்க நடுவுல ஓயாம ஓடுற பேச்சு கார்பன் ஃபைபர்ல செஞ்ச வீலும் ஃப்ரேமும் சைனா கம்பெனிக்காரங்ககிட்டயே நேரா வாங்கலாமா கூடாதாங்கிறதுதான். ஒரு பக்கம் "அது எல்லாமே டூப்ளிகேட், ஓடும்போதே உடைஞ்சிரும்"னு பயமுறுத்துறாங்க, இன்னொரு பக்கம் "எல்லாம் ஒரே ஃபேக்டரி சரக்குதான், பெரிய பிராண்டுக்காரன் ஸ்டிக்கருக்குக் காசு வாங்குறான்"னு அடிச்சு விடுறாங்க. ரெண்டுமே தப்பு. ரெண்டையும் நம்பி நம்ம பிள்ளைங்க காசையும் விடுறாங்க, சில சமயம் உடம்பையும் பணயம் வைக்கிறாங்க, அதனாலதான் இதை எழுதுறேன்.

போலிங்கிறது எது? பினரெல்லோ, ஸ்பெஷலைஸ்ட் மாதிரி பெரிய பேரை ஒட்டி, நிஜ விலைல கால்வாசிக்கு விக்கிறாங்களே, அதான் போலி. அதை யார் செஞ்சாங்க, எந்த அச்சுல செஞ்சாங்க, சோதிச்சுப் பாத்தாங்களா எதுவுமே தெரியாது, உடைஞ்சா கேக்கவும் ஆள் கிடையாது, ஏன்னா தன் பேரையே மறைச்சு வித்தவன் அவன். அதே சைனால ஷியாமென் மாதிரி ஊருங்கள்ல லைட் பைசிக்கிள், ஃபார்ஸ்போர்ட்ஸ், வின்ஸ்பேஸ்னு கம்பெனிங்க இருக்கு, இவங்க சொந்தப் பேர்லயே ரிம்மும் (டயர் உக்கார்ற வளையம்) முழு வீலும் பல வருஷமா உலகம் பூரா விக்கிறாங்க, வாரன்டி எழுதிக் குடுக்கிறாங்க, எடை எவ்வளவு, எவ்வளவு காத்து அடிக்கலாம்னு போட்டிருக்காங்க. இந்த ரெண்டையும் ஒரே கூடைல போட்டு "சைனா சாமான்"னு பேசுறதுதான் எனக்கு வருத்தம். வாங்கப் போறவங்க முதல்ல கேக்க வேண்டியது விக்கிறவன் தன் பேரைப் போட்டு விக்கிறானா அடுத்தவன் பேரைப் போட்டு விக்கிறானாங்கிறதைத்தான், விலையெல்லாம் அப்புறம்.

அந்த "ஒரே ஃபேக்டரி" கதைல கொஞ்சம் உண்மை இருக்கு, ஆனா கொஞ்சம்தான். பெரிய பிராண்டு நிறைய பேரு தைவான்லயும் சைனாலயும்தான் செஞ்சு வாங்குறாங்க, தைச்சுங்ல 1972ல ஆரம்பிச்ச ஜயன்ட் கம்பெனியே முதல்ல அமெரிக்காவோட ஷ்வின்னுக்குச் சைக்கிள் செஞ்சு குடுத்து வளந்ததுதான். ஆனா ஒரு பிராண்டு தன்னோட அச்சையும் கார்பன் ஷீட்டை எந்த எடத்துல எத்தனை அடுக்கு, எந்தக் கோணத்துல வைக்கணும்ங்கிற வரைபடத்தையும் குடுத்து செய்யச் சொல்லுது, அதே ஃபேக்டரி தன் சொந்த அச்சுல வேற ஃப்ரேம் செய்யுது, ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழ வந்ததால ஒண்ணாயிடாது. அந்தச் சொந்த அச்சு ஃப்ரேம் நல்லாவே இருக்கலாம், அதை அதோட பேர்லயே வாங்குங்க, "இது அந்த பிராண்டேதான், ஸ்டிக்கர் மட்டும் இல்ல"ன்னு எவனாவது சொன்னா அங்கயே நின்னுக்குங்க. சைனால செஞ்சதுனாலயே மட்டம்னு நினைக்கிறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன், 2025லேர்ந்து அஸ்தானாங்கிற தொழில்முறை சைக்கிள் பந்தய டீம் எக்ஸ்டிஎஸ் அஸ்தானாங்கிற பேர்ல ஓடுது, அந்த எக்ஸ்டிஎஸ் ஷென்ஜென் கம்பெனி, டூர் டி பிரான்ஸ்ல அவங்க சைக்கிள்லதான் ஓட்டுறாங்க.

விளம்பரத்துல டி700, டி800, டி1000னு நம்பர் போடுறாங்கள்ல, அது ஜப்பான் டோரே கம்பெனியோட ஃபைபர் ரகம். நம்பர் பெருசா இருந்தா ஃப்ரேம் ஒசத்தின்னு நினைச்சிக்கிறாங்க. டி700ஏ நல்ல பலமான ஃபைபர்தான். ஒரு ஃப்ரேம்ல பல ரகம் கலந்துதான் வைப்பாங்க, அதை எப்படி அடுக்கினாங்க, பசை எப்படி, நடுவுல காத்துக்குமிழ் இல்லாம அழுத்தி வேக வெச்சாங்களாங்கிறதுதான் பலத்தைத் தீர்மானிக்குது, இதையெல்லாம் அந்த நம்பர் சொல்லாது. அதே மாதிரி உலக சைக்கிள் போட்டிகளை நடத்துற யூசிஐ அமைப்போட ஸ்டிக்கர் பாத்து மயங்குறவங்களும் உண்டு, அது ஃப்ரேமோட வடிவமும் அளவும் போட்டி விதிக்கு உட்பட்டு இருக்குன்னு சொல்ற சீட்டு, உடையாதுன்னு சொல்ற சான்றிதழ் கிடையாது. பாதுகாப்புக்குன்னு இருக்கிறது ஐஎஸ்ஓ 4210ங்கிற உலகத் தரநிலை, அந்தச் சோதனை ரிப்போர்ட் இருக்கான்னு கேளுங்க, ஒழுங்கான கம்பெனி அனுப்புவாங்க.

என்னைக் கேட்டா வீல் வாங்குறது சுலபம், ஃப்ரேம் வாங்குறதுல இன்னும் ஜாக்கிரதை வேணும். வீல்ல நடுவுல சுத்துற ஹப், கம்பியா இருக்கிற ஸ்போக், அந்தக் கம்பியை ரிம்ல முறுக்குற நிப்பிள் எல்லாம் டிடி ஸ்விஸ், சபிம்னு பேர் தெரிஞ்ச கம்பெனியோடதாவே கேட்டு வாங்கலாம், ரிம் மட்டும்தான் அவங்க சரக்கு, பின்னாடி எதாவது போச்சுன்னா நம்ம ஊர்லயே மாத்திக்கலாம். ஆர்டர் போடும்போதே கூட நாலு ஸ்போக் போடச் சொல்லிடுங்க, பின்சக்கரத்துல பல்சக்கரம் மாட்டுற ஃப்ரீஹப் உங்க கியருக்கு ஏத்த மாதிரி ஷிமானோவா ஸ்ராமான்னும் சரியா சொல்லிடுங்க. வந்ததும் அப்படியே மாட்டி ஓடாம ஒரு தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட ஸ்போக் எவ்வளவு இறுக்கமா இருக்குன்னு (ஸ்போக் டென்ஷன்) பாக்கச் சொல்லணும், கொஞ்சம் ஓடின பிறகு திரும்ப ஒரு தடவை பாக்கணும்.

இங்க ரொம்பப் பேருக்குத் தெரியாத ஆபத்து ஹுக்லெஸ் ரிம்தான். ரிம்மோட ஓரத்துல டயரைப் பிடிச்சிக்கிற கொக்கி இருக்காது, அதனால 5 பார், அதாவது சுமார் 72 பிஎஸ்ஐக்கு மேல காத்து அடிக்கவே கூடாது, டயர்லயும் ஹுக்லெஸ்க்கு ஆகும்னு எழுதி இருக்கணும். பழைய பழக்கத்துல 100 பிஎஸ்ஐ அடிக்கிற அண்ணன்மார் இன்னும் இருக்காங்க, அந்த ரிம்ல அப்படி அடிச்சா டயர் கழண்டு தெறிக்கும். சந்தேகம்னா கொக்கி வெச்ச ரிம்மே வாங்குங்க. இன்னும் ரிம் பிரேக், அதாவது ரிம்மையே அழுத்திப் பிடிக்கிற பிரேக், இருக்கிற சைக்கிள் வெச்சிருக்கிறவங்களுக்கு, இங்க தட்டையான ரோட்டுல பெரிய பிரச்சினை வராது, ஆனா லீவுல மலேசியால கெந்திங் மலைக்குப் போறீங்க, இறங்கும்போது விடாம பிரேக் பிடிச்சா கார்பன் அந்தச் சூட்டைச் சீக்கிரம் வெளிய தள்ளாது, பசை இளகிடும், உள்ள இருக்கிற காத்து ரிம்மோட சுவரை வெளிய பிதுக்கிடும். அந்த மாதிரி மலைக்கு அலுமினியம் வீல் போட்டுட்டுப் போங்க. டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை இல்ல.

ஃப்ரேம்னா பெடல் அச்சு உக்கார்ற பாட்டம் பிராக்கெட் திருகு வகை, பிஎஸ்ஏ இல்லன்னா டி47, இருக்கிறதா பாத்து வாங்கினா பின்னாடி கீச் கீச்னு சத்தம் வர்ற தலைவலி குறையும். டீரெயிலர் ஹேங்கர்னு பின்சக்கரம் பக்கத்துல, கியர் மாத்துற கருவியைத் தாங்குற ஒரு சின்னத் துண்டு இருக்கே, அது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேற வேற மாதிரி, ஒரு தடவை சைக்கிள் சாஞ்சாலே வளைஞ்சிரும், அப்புறம் ஷியாமென்லேர்ந்து அது வர்ற வரைக்கும் சைக்கிள் சும்மா நிக்கும், அதனால எக்ஸ்ட்ரா ரெண்டு வாங்கி வெச்சுக்குங்க. முன்சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கோட மேல்குழாய் (ஸ்டீரர்) உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க, சுருக்கமோ வெடிப்போ இருந்தா போட்டோ எடுத்து உடனே அனுப்புங்க, மாட்டாதீங்க. எவ்வளவு இறுக்குறோம்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்சு இல்லாம கார்பன்ல கையே வைக்கக் கூடாது. ஹேண்டில்பாரும் ஃபோர்க்கும் மட்டும் பேர் தெரியாதவன்கிட்ட மலிவா வாங்கவே வாங்காதீங்க, அது உடைஞ்சா நேரா முகம்தான் தரைல போய் மோதும், சொந்தப் பிள்ளைங்களுக்கு சொல்ற மாதிரி சொல்றேன்.

காசு விஷயத்துக்கு வர்றேன். பெரிய பிராண்டு கார்பன் வீல் கடைல 3000, 4000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்)ன்னு போகுது, நேரா வாங்கினா 1000 வெள்ளி சுத்தி நல்லதே கிடைக்குது. அந்த வித்தியாசம் பூராவும் கொள்ளைன்னு நான் சொல்ல மாட்டேன், டீமுக்கு ஸ்பான்சர் பண்ணுறது, காத்துச் சுரங்கத்துல சோதிக்கிறது, நடுவுல இருக்கிற விநியோகஸ்தர், கடை வாடகை எல்லாம் அதுல இருக்கு, பக்கத்துலயே கடை இருக்கிற நிம்மதியும் இருக்கு. நேரா வாங்கும்போது ஜிஎஸ்டியைக் கணக்குல சேருங்க, 2024 ஜனவரிலேர்ந்து 9 சதவீதம், 400 வெள்ளிக்கு மேல போனா சாமான் உள்ள வரும்போது கட்டணும், அனுப்புற செலவையும் சேத்துத்தான் கணக்கு. 1000 வெள்ளி வீலுக்கு 60 வெள்ளி அனுப்புற செலவுன்னா வரி மட்டும் 95 வெள்ளி ஆகும், கூரியர்காரங்க அதுக்கு மேல ஒரு கட்டணமும் கேப்பாங்க. சில விக்கிறவங்க "விலையைக் கம்மியா எழுதி அனுப்பவா"ன்னு கேப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க. அது நம்ம சட்டப்படி குத்தம், அதோட வழில உடைஞ்சா எழுதின விலைதான் திரும்ப வரும்.

நாம இழக்கிறதும் ஒண்ணு இருக்கு, இதை யாரும் பேச மாட்டேங்கிறாங்க. 2012 செப்டம்பர்லேர்ந்து நம்ம ஊர்ல லெமன் சட்டம் இருக்கு, கடைல வாங்கின சாமான்ல ஆறு மாசத்துக்குள்ள குறை தெரிஞ்சா வாங்கும்போதே இருந்த குறைன்னுதான் எடுத்துக்குவாங்க, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. சின்னத் தொகை வழக்குகளைப் பாக்குற ஸ்மால் கிளெய்ம்ஸ் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். ஷியாமென்ல இருக்கிறவங்களை அங்க கூட்டிட்டு வர முடியுமா? முடியாது. அதனால கிரெடிட் கார்டுலயோ பேபால்லயோதான் காசு கட்டுங்க, பேபால்ல 180 நாள் வரைக்கும் புகார் குடுக்கலாம், பேங்க்ல நேரா அனுப்பச் சொன்னா விட்டுருங்க. பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துக்குங்க, பெட்டியையும் கொஞ்ச நாளைக்குத் தூக்கிப் போடாதீங்க.

கடைசியா நம்ம பேட்டைல இருக்கிற சைக்கிள் கடைக்காரங்களுக்கு ஒரு வேண்டுகோள். வெளிய வாங்கின ஃப்ரேமைக் கொண்டு போனா சில எடத்துல தொடவே மாட்டேங்கிறாங்க. உங்க கஷ்டம் புரியுது, இங்க வித்தாத்தான் உங்களுக்கு வருமானம், நாளைக்கு அந்த ஃப்ரேம் உடைஞ்சா பழி உங்க மேல வரும்னு பயமும் நியாயம்தான். ஆனா நீங்க திருப்பி அனுப்பினா அந்தப் பையன் வீட்ல உக்காந்து டார்க் ரெஞ்சு இல்லாம தானே மாட்டிட்டு ரோட்டுக்கு வருவான், அதுதான் இருக்கிறதுலயே பெரிய ஆபத்து. வேலைக்கு என்ன கூலியோ அதைக் கூடவே வெச்சு, "சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல, மாட்டின வேலைக்குப் பொறுப்பு"ன்னு பில்லுல எழுதிக் குடுங்க, போலி ஸ்டிக்கர் ஒட்டினது வந்தா மட்டும் திருப்பி அனுப்புங்க. உங்க பத்திரிகை இந்தக் கடைக்காரங்க நாலஞ்சு பேரைப் பேட்டி எடுத்து, மாட்டுறதுக்கும் சோதிச்சுப் பாக்குறதுக்கும் என்ன கூலின்னு போட்டா இந்த வருஷம் முதல் கார்பன் வீல் வாங்கப் போற பிள்ளைங்களுக்குப் பெரிய உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர்