வால் சேர்வோ பழுதில்லை

ஆசிரியருக்கு,

பரந்தனில் இலத்திரனியல் பொருட்கள் திருத்துகிறேன். ரிமோட் உலங்குவானூர்தி வைத்திருக்கும் பெடியள், "தரையில் சுக்கானை (ரிமோட்டில் மூக்கைத் திருப்பும் பிடி) தட்டினால் வால் சேர்வோ (வால் விசிறியின் அலகுகளைச் சரிக்கும் சிறு கருவி) ஓரத்துக்குப் போய் நிக்குது, திரும்பி வருதில்லை" என்று கொண்டுவருகிறார்கள். அது பழுதே இல்லை. திசைகாக்கும் ஜைரோ (இயந்திரம் திரும்புவதை உணர்ந்து வால் சேர்வோவை நகர்த்தும் கருவி), கேட்ட திருப்பம் நடக்கும்வரை சேர்வோவை விடாது. தரையில் இயந்திரம் எப்படித் திரும்பும்? பழைய வகை ஜைரோவில் சேர்வோ நடுவுக்கு வந்துவிடும், ஆனால் சோளகத்தில் மூக்கு காற்றுப் பக்கம் இழுபடும்.

பார்க்கவேண்டியது வேறு. மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு, மூக்கைக் கையால் வலப்பக்கம் திருப்புங்கள். இடச்சுக்கான் கொடுத்தால் சேர்வோ எந்தப் பக்கம் போகுமோ, அந்தப் பக்கமே நகரவேண்டும். மாறி நகர்ந்தால் எழுந்ததும் பம்பரம்தான். பறப்பில் வால் நடுங்கினால் கெயினை (ஜைரோ எவ்வளவு கடுமையாகத் திருத்தும் என்ற அளவு) கொஞ்சம் குறையுங்கள். எனக்கு வியாபாரம் போனாலும் சரி.

திருத்துநர் ஒருவர்,
பரந்தன்.